1853, நியூ ஆர்லியன்ஸ்: ஒரே கோடையில் 8,000 பேர் செத்தும் ஊர் ஏன் காலியாகவில்லை?

பழங்கணக்கு:

ரொம்ப நாளாக மனதில் ஓடும் கேள்வி. இங்கே போட்டால் யாராவது சண்டைக்காவது வருவார்கள் என்று போடுகிறேன்.

அமெரிக்காவின் தெற்குக் கோடியில், மிசிசிப்பி ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிற துறைமுகம் நியூ ஆர்லியன்ஸ். 1850 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறக்குறைய 1,16,000. 1853 கோடையில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. கையில் காசு இருந்தவர்கள் பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள், மிஞ்சியவர்களில் சுமார் 8,000 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். ஆகஸ்டில் உச்சம், ஒரே நாளில் 200-க்கு மேல் போனது. குழி வெட்ட ஆள் கிடைக்காமல் இடுகாட்டு வாசலில் பெட்டிகள் வெயிலில் கிடந்தன.

கொள்ளைநோய் எந்த ஊருக்குத்தான் வரவில்லை, அது இருக்கட்டும். எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. 1854-இலும் 1855-இலும் மறுபடி இரண்டாயிரத்துக்கு மேல் சாவு. 1858-இல் நாலாயிரத்துக்கும் மேல். 1817-இலிருந்து 1905 வரை கூட்டினால் 40,000-ஐத் தாண்டும். அப்படியும் ஒவ்வொரு குளிர்காலமும் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் வந்து இறங்கினார்கள், பருத்தி விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது.

என் எண்ணம் இதுதான். ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு இந்த நோய் திரும்ப வராது. அதனால் அது ஊருக்குள் நுழையும் தேர்வு மாதிரி ஆகிவிட்டது. தேறியவரை 'ஊருக்குப் பழகினவர்' என்றார்கள். பழகினவர் மட்டும் வரவும் என்று வேலை விளம்பரத்திலேயே போட்டார்கள். பழகாதவரிடம் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் கூடுதல் பிரீமியம் வாங்கின. கடன் கொடுப்பவனும் யோசித்தான், பெண் கொடுப்பவனும் யோசித்தான். ஏற்கெனவே தேறிவிட்ட பெரிய மனிதர்களுக்கு நோயை ஒழிக்க என்ன அவசரம்? யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

அரட்டை:

முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகம், சிரிக்காதீர்கள். இது நம்ம மஞ்சள் காமாலைதானே? கீழாநெல்லி கொடுத்தால் போச்சு.

கொசுவண்டி:

சிரிக்க ஒன்றுமில்லை தம்பி, என்னிடம் படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். சுகாதார ஆய்வாளராக முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டி ஓய்வு பெற்றவன், அந்தப் பெயர் வைத்ததே அதனால்தான்.

காமாலை என்பது கண்ணும் தோலும் மஞ்சளாகிற அறிகுறி, அதற்குக் காரணம் நூறு இருக்கும். மஞ்சள் காய்ச்சல் என்பது ஒரு குறிப்பிட்ட வைரஸால் வருகிற தனி நோய், கொசு கடித்தால்தான் வரும். கடிபட்டு மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல், இடுப்புவலி, தலைவலி. பெரும்பாலானோருக்கு அதோடு போய்விடும். சிலருக்குத்தான் ஒருநாள் தெளிந்த மாதிரி இருக்கும், எழுந்து கஞ்சி கூடக் கேட்பார்கள், வீட்டில் எல்லாரும் மூச்சுவிடுவார்கள், அதற்கப்புறம் இரண்டாவது சுற்று. ஈரல் கெடும், உடம்பு மஞ்சளாகும், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து காப்பித்தூள் கரைத்த மாதிரி கறுப்பாக வாந்தி வரும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் பிழைப்பதில்லை. ஸ்பானியர்கள் நோய்க்கு வைத்த பெயரே கறுப்பு வாந்தி என்பதுதான்.

கொசு நமக்குத் தெரிந்ததுதான். ஏடிஸ் எஜிப்தி, நம் ஊரில் டெங்கு பரப்புகிற அதே கொசு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் வளர்ந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

கடலோடி_தூத்துக்குடி:

பழங்கணக்கு ஐயா, அந்த ஊர் ஆற்றில் மூன்று தடவை போயிருக்கிறேன், தானியம் ஏற்ற. கடலிலிருந்து, ஆற்றில் வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொண்டு சுமார் நூறு மைல் ஆற்றுக்குள் போக வேண்டும். போகும்போது ஒரு வினோதம் தெரியும். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் நம் கப்பல் மேலே போகும், கரைக்கு அந்தப் பக்கம் தெருவும் வீட்டுக் கூரையும் கீழே இருக்கும். ஊரே ஒரு கிண்ணம். மழை பெய்தால் வடிய வழி இல்லை, இன்றைக்கும் பம்பு வைத்துத்தான் இறைக்கிறார்கள்.

அப்புறம் அந்த மஞ்சள் அட்டை. தடுப்பூசி போட்ட அட்டை இல்லாமல் எங்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். நான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டேன், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். முன்பெல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை, 2016-க்குப் பிறகு ஆயுளுக்கும் ஒன்றே போதும். அப்போதெல்லாம் சடங்குக்குப் போட்ட ஊசி என்றுதான் நினைத்தேன்.

எதிர்வாதி:

இழையைத் தொடங்கியவர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் பணக்காரன் சதி என்று முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் அமெரிக்க கவர்னர் கிளைபோர்ன். 1804-இல் அவர் மனைவியும் சின்னப் பெண் குழந்தையும் ஒரே நாளில் இதே காய்ச்சலில் இறந்தார்கள். மறுமணம் செய்தார், அந்த மனைவியும் 1809-இல் இதிலேயே போனார். பெஞ்சமின் லாட்ரோப், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர், நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிநீர் கொண்டுவரும் வேலைக்கு வந்தார். அதற்காக முன்னால் வந்திருந்த மகன் 1817-இல் இறந்தான், அப்பா 1820-இல். உள்நாட்டுப் போரில் தெற்குப் படைத் தளபதியாக இருந்த ஹூட், 1879-இல் மனைவி, மூத்த மகள், அவர் என்று சில நாட்களுக்குள் மூவரும். பத்துப் பிள்ளைகள் அநாதை. இவர்கள் எல்லாம் கூலிக்காரர்களா?

பழங்கணக்கு:

நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், கொசுவுக்கு யார் கவர்னர் என்று தெரியாது. ஆனால் நீங்கள் சொன்னவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அதனால்தான் ஊர்க்காரர்கள் இதை அந்நியர் நோய் என்றே சொன்னார்கள். அந்த ஊரில் பிறந்தவனுக்குச் சிறுவயதில் லேசாக வந்து போயிருக்கும், அதைக் காய்ச்சல் என்றுகூட யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். பெரியவனாக வந்து இறங்குகிறவனுக்குத்தான் முழு வீச்சு.

வித்தியாசம் ஓடுவதில் இருக்கிறது. ஜூன் வந்தால் வசதியுள்ளவர்கள் ஏரிக்கரைக்கோ வடக்கேயோ போய்விடுவார்கள், அக்டோபர் நவம்பரில் முதல் உறைபனி விழுந்தால் திரும்புவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் எங்கே போவான்? 1830-களில் நியூ பேசின் என்று ஒரு கால்வாய் வெட்டினார்கள், சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால். வேலைக்கு ஐரிஷ்காரர்கள். ஏன் அடிமைகளை இறக்கவில்லை தெரியுமா? அடிமைக்கு விலை கொடுத்திருக்கிறோம், செத்தால் நஷ்டம். ஐரிஷ்காரன் செத்தால் அடுத்த கப்பலில் இன்னொருவன். காய்ச்சலிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கில் போனார்கள். நான் பழைய கணக்கு எழுதிப் பிழைத்தவன், இந்தக் கணக்கைப் பார்த்தபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நிலா_ரசிகை:

படிக்கவே என்னவோ போலிருக்கிறது. அடிமைகள் என்று வந்ததால் கேட்கிறேன், கறுப்பினத்தவருக்கு இந்த நோய் வராது என்று எங்கேயோ படித்தேனே, அது உண்மையா?

கொசுவண்டி:

இல்லைம்மா. நோய் இருக்கிற இடத்தில் குழந்தையிலேயே வந்து தேறியவருக்குத் திரும்ப வராது, அது எந்தத் தோலுக்கும் பொது. 1793-இல் ஃபிலடெல்ஃபியாவில் இதே காய்ச்சல் வந்தபோது பெஞ்சமின் ரஷ் என்ற பெரிய டாக்டர், கறுப்பினத்தவருக்கு வராது என்று நம்பி, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அவர்களைக் கேட்டுக்கொண்டார். ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் இருவர் தலைமையில் அவர்களும் இறங்கி வேலை செய்தார்கள், பிணம் தூக்கினார்கள், நூற்றுக்கணக்கில் இறந்தார்கள்.

பழங்கணக்கு:

நியூ ஆர்லியன்ஸில் அந்தப் பொய் இன்னும் தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் இந்த வெயிலில் வேலை செய்தால் சாவான், கறுப்பனைக் கடவுளே இதற்குத்தான் படைத்தார், ஆகவே அடிமைமுறை நியாயம் என்று எழுதுவதற்கு ஊரில் டாக்டர்கள் இருந்தார்கள். அதே சமயம் அடிமைச் சந்தையில் 'ஊருக்குப் பழகின' அடிமைக்கு விலை அதிகம். வராது என்றால் எதற்குக் கூடுதல் விலை? சந்தைக்குத் தெரிந்த உண்மை டாக்டருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. இன்னொன்று, வெள்ளைக்காரன் தேறினால் வேலை, கடன், கல்யாணம் எல்லாம் அவனுக்குக் கூடிவரும். அடிமை தேறினால் லாபம் முதலாளி பைக்குப் போகும்.

அரட்டை:

கீழாநெல்லியை வாபஸ் வாங்குகிறேன்.

எதிர்வாதி:

சரி, முதல் கேள்விக்கு வருவோம். அக்கறையே இல்லை என்கிறீர்கள். 1853-இல் தெருமுனைகளில் தார் பீப்பாய் கொளுத்தினார்கள், காற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று மாலைகளில் பீரங்கி வெடித்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் அந்தச் சத்தத்தில் அரண்டுபோனதால் நிறுத்தினார்கள். அறியாமை என்று சொல்லுங்கள், அக்கறையின்மை என்று சொல்லாதீர்கள். ஹாவர்டு சங்கம் என்று இளம் வியாபாரிகள் சேர்ந்து நடத்தினார்கள், ஓடாமல் ஊரில் நின்று வீடு வீடாக நர்ஸ், மருந்து, உணவு கொண்டுபோனார்கள்.

அதைவிட முக்கியம் 1862. உள்நாட்டுப் போரில் வடக்குப் படை ஊரைப் பிடித்தது, தளபதி பட்லர். மஞ்சள் காய்ச்சல் வந்து இந்த வடக்கத்தியான்களைக் கொன்றுபோடும் என்று ஊரே காத்திருந்தது. பட்லர் என்ன செய்தார்? பட்டினி கிடந்தவர்களைக் கூலிக்கு எடுத்து சாக்கடை, கால்வாய், சந்தை எல்லாம் கழுவினார். அந்த வருடம் காய்ச்சலில் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆக அழுக்குதான் காரணம் என்று சொன்னவர்கள் அவ்வளவு முட்டாள்கள் இல்லை.

கொசுவண்டி:

அங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுந்தார்கள், நீங்கள் ஒருவர் இல்லை. பட்லர் சாக்கடை மட்டும் கழுவவில்லை. நோய் இருக்கிற துறைமுகத்திலிருந்து வரும் கப்பலை ஊருக்கு வெகு கீழே ஆற்றிலேயே 40 நாள் வரை நிறுத்தினார், எந்த வியாபாரி வந்து கெஞ்சியும் அசையவில்லை. அதோடு போர்க்கால முற்றுகை, கியூபாவின் ஹவானாவிலிருந்து வருகிற சரக்குக் கப்பலே குறைந்துபோயிருந்தது. வைரஸ் ஊருக்குள் வரவே இல்லை, அப்புறம் சாக்கடை எப்படி இருந்தால் என்ன?

ஏடிஸ் சாக்கடைத் தண்ணீரை விரும்பாது, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த ஊரில் ஆற்றுத் தண்ணீர் ஒரே சேறு, தோண்டினால் கிணறும் உப்புக் கரிக்கும். அதனால் வீட்டுக்கு வீடு கூரை மழைத்தண்ணீரைப் பிடிக்க சைப்ரஸ் மரப் பலகையில் பெரிய பீப்பாய் போல தொட்டி. வீட்டோடு ஒட்டி, நிழலில், மூடி சரியாக இல்லாமல். கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் யாராலும் கட்டிக்கொடுக்க முடியாது. தெருச் சாக்கடையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, அது பக்கத்திலேயே பகல் தூக்கம் போட்டார்கள். இந்தக் கொசு பகலில் கடிக்கிற கொசு.

கொசு ஒழிப்பு மஸ்தூர்களோடு (தினக்கூலிப் பணியாளர்களோடு) வீடு வீடாகப் போகும்போது இதேதான் எனக்கும் நடக்கும். வாசலில் நிற்கிற அம்மா, "சார், அந்த முக்குச் சாக்கடையைப் பாருங்க, அதுக்கு மருந்து அடிங்க" என்பார். நான் உள்ளே போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தட்டை இழுத்தால் கொசுப்புழு நெளியும். ஒரு வீட்டில் அவருக்குக் கோபம் வந்து என்னையே வெளியே போகச் சொல்லிவிட்டார்.

எதிர்வாதி:

தொட்டி விஷயம் எனக்குத் தெரியாது, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் கப்பலை நிறுத்தினால் போதும் என்று சொன்ன கட்சி சரி, அவ்வளவுதானே?

பழங்கணக்கு:

பாதி சரி. தொற்றுகிற நோய் என்றால் நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு வரவேண்டும், வரவில்லை. ஆனால் நோயாளி இருந்த தெருவுக்கு வந்தது. இதை வைத்து இரண்டு கட்சியும் நூறு வருடம் அடித்துக்கொண்டார்கள். வியாபாரிகளுக்குப் பிடித்தது 'அழுக்குக் காற்று' கட்சி, ஏனென்றால் அதற்குக் கப்பலை நிறுத்த வேண்டாம். இதில்தான் நான் சொன்ன கணக்கு வருகிறது எதிர்வாதி. 1853-இல் மே மாதமே நோயாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள், ஊர்ப் பத்திரிகைகள் ஜூலை வரை வாயைத் திறக்கவே தயங்கின. கொள்ளைநோய் என்று அச்சில் வந்தால் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும்.

அவ்வளவு பேர் செத்த பிறகுதான் 1855-இல் லூசியானா மாநிலச் சுகாதார வாரியம் வந்தது, அமெரிக்காவிலேயே ஒரு மாநிலம் அமைத்த முதல் வாரியம். ஆற்றில் கீழே தடுப்பு நிலையமும் வைத்தார்கள். அதற்கப்புறமும் 1858. நிலையம் இருந்தது, தடுப்புத்தான் இல்லை.

கடலோடி_தூத்துக்குடி:

1878 பற்றி யாரும் சொல்லவில்லையே. கப்பல் சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கு அது மனப்பாடம். எமிலி பி. சௌடர் என்ற நீராவிக் கப்பல், மே மாதம் ஹவானாவிலிருந்து வந்தது. தடுப்பு நிலையத்தில் புகை போட்டு, சுத்தம் என்று சொல்லி மேலே அனுப்பிவிட்டார்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு கப்பல் ஊழியர்கள் காய்ச்சலில் சாகிறார்கள். கொஞ்ச நாளில் தெருத் தெருவாக நோய், அப்புறம் ஜான் டி. போர்ட்டர் என்ற இழுவைப் படகும் ரயிலும் அதை ஆற்றோடு மேலே ஏற்றிக்கொண்டு போயின. நியூ ஆர்லியன்ஸில் நாலாயிரத்துக்கு மேல். மெம்ஃபிஸ் அதைவிடச் சின்ன ஊர், அங்கே ஐயாயிரத்துக்கு மேல். பாதிக்கு மேல் ஜனம் ஓடி, வரி கட்ட ஆளில்லாமல், 1879-இல் மெம்ஃபிஸ் நகர அந்தஸ்தையே இழந்தது. ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கச் சேர்த்தால் ஏறக்குறைய 20,000 சாவு.

வழியில் இருந்த சின்ன ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு யாரையும் இறங்கவிடவில்லை. வந்த தபாலைக்கூட ஓட்டை போட்டுப் புகை காட்டித்தான் எடுத்தார்கள். 2020-இல் நாங்கள் நாலு மாதம் கரை இறங்காமல் கப்பலிலேயே கிடந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். அப்போது ஒரு துறைமுகத்தில், பெயர் வேண்டாம், பல் வலியில் துடித்த எங்கள் ஆயிலரைக்கூட (இன்ஜின் அறை ஊழியர்) டாக்டரிடம் விடவில்லை.

நிலா_ரசிகை:

ஐயோ. அந்த ஆயிலர் அண்ணனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

கடலோடி_தூத்துக்குடி:

சீஃப் குக் கிராம்பு எண்ணெய் வைத்துச் சமாளித்தார். அடுத்த துறைமுகத்தில் பிடுங்கினார்கள்.

நிலா_ரசிகை:

அப்பாடா. நான் ஒரு நல்ல செய்தி சொல்கிறேன், இல்லாவிட்டால் இந்த இழையைப் படித்துத் தூக்கம் வராது. மார்கரெட் ஹாகெரி என்று ஒரு ஐரிஷ் பெண். சின்ன வயதில் பால்டிமோரில் அப்பா அம்மா இரண்டு பேருமே 1822-இல் மஞ்சள் காய்ச்சலில் போய்விட்டார்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து புருஷனையும் குழந்தையையும் இழந்தார். சலவை வேலை பார்த்தார், இரண்டு மாடு வாங்கிப் பால் விற்றார், அப்புறம் ரொட்டிக்கூடம், கடைசியில் பெரிய பணக்காரர். ஒவ்வொரு காய்ச்சல் வருடத்திலும் அநாதையான குழந்தைகளுக்கு இல்லம் கட்டவும் ரொட்டி போடவும் அந்தப் பணம் போனது. எழுதப் படிக்கத் தெரியாது, உயிலில் கூட பெருக்கல் குறிதான் கையெழுத்து. 1884-இல் ஊர்க்காரர்கள் சிலை வைத்தார்கள், நாற்காலியில் சால்வை போர்த்திக்கொண்டு, பக்கத்தில் ஒரு குழந்தை.

சரி, கொசு என்று யார்தான் கண்டுபிடித்தார்கள்?

கொசுவண்டி:

இது என் பாடம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1881-இல் ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே என்ற கியூபா டாக்டர் கொசுதான் என்று சொன்னார், எந்தக் கொசு என்பதையும் சரியாகச் சொன்னார். ஏறத்தாழ இருபது வருடம் கொசுக்காரன் என்று கேலி. கேலிக்கு ஒரு காரணமும் இருந்தது, அவர் நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாளிலேயே வேறு ஆள்மேல் விட்டார், தெளிவான முடிவு கிடைக்கவில்லை. கொசுவுக்குள் வைரஸ் பெருக ஒன்றரை வாரம், இரண்டு வாரம் ஆகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதைப் பிடித்தவர் ஹென்றி கார்ட்டர் என்ற அமெரிக்க அரசு சுகாதார டாக்டர், 1898-இல் மிசிசிப்பியில் ஆர்வுட் என்ற குக்கிராமத்தில் வீடு வீடாகத் தேதி குறித்துக்கொண்டு. முதல் நோயாளிக்கும் அதே வீட்டில் அடுத்த நோயாளிக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி இருக்கிறது என்று கண்டார். ஆய்வகம் இல்லை, நோட்டும் பென்சிலும்தான். எங்கள் துறையில் உட்கார்ந்து தேதி எழுதுகிற வேலையைக் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்களுக்கு இவரைத்தான் சொல்வேன்.

1900-இல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க ராணுவக் குழு கியூபா போனது. கொசு முட்டை கொடுத்தவர் ஃபின்லேயேதான். குழுவில் ஜெஸ்ஸி லாசியர் கடிபட்டு செப்டம்பர் 25-ஆம் தேதி இறந்தார், 34 வயது. அவர் பெயரிலேயே ஒரு முகாம் போட்டு இரண்டு குடிசை கட்டினார்கள். ஒன்றில் நோயாளிகளின் வாந்தியும் ரத்தமும் பட்ட போர்வை, துணி, தலையணை, அதில் மூன்று பேர் இருபது இரவு படுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று சுத்தமான குடிசை, நடுவில் கம்பி வலை, ஒரு பக்கம் மட்டும் கொசு. கொசுப் பக்கம் படுத்தவருக்குக் காய்ச்சல் வந்தது, வலைக்கு மறுபக்கம் படுத்தவர்களுக்கு வரவில்லை. நூறு வருடத்துச் சண்டை ஒரு கம்பி வலையில் முடிந்தது. ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, ஆளுக்கு நூறு டாலர் பொன், நோய் வந்தால் இன்னொரு நூறு என்று சேர்த்தார்கள். ஒப்புதல் எழுதி வாங்கியது அந்தக் காலத்துக்குப் புதுசு, அந்தக் காசைப் பார்த்தால்தான் பழங்கணக்கு ஐயாவின் ஐரிஷ்காரர்கள் ஞாபகம் வருகிறது.

அரட்டை:

இதற்கு நூறு வருடம் முன்பே ஃபிலடெல்ஃபியா பக்கம் ஸ்டப்பின்ஸ் ஃபர்த் என்ற மருத்துவ மாணவர், இது தொற்றாது என்று நிரூபிக்க நோயாளியின் கறுப்பு வாந்தியைக் கண்ணில் விட்டு, கையைக் கீறித் தடவி, கடைசியில் குடித்தும் பார்த்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. சாப்பிடும்போது படித்தேன், உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

எதிர்வாதி:

அரட்டையை யாராவது தடை செய்யுங்கள்.

அலபாமா மாநிலத்தில் மொபைல் என்ற நகரத்து டாக்டர் ஜோசையா நாட் இங்கே வரவேண்டும். 1848-இலேயே காற்று இல்லை, பூச்சி மாதிரி ஏதோ என்று எழுதியவர். 1853-இல் அவருடைய நான்கு பிள்ளைகள் ஒரு வாரத்துக்குள் இதே காய்ச்சலில் இறந்தார்கள். பரிதாபப்படலாம் என்று பார்த்தால், கறுப்பினத்தவர் வேறு இனப் பிறவி என்று புத்தகம் எழுதியவரும் அவரேதான்.

பழங்கணக்கு:

1905-ஐயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு விரோதமான சாட்சி அது. ஊர்ச் சுகாதார அதிகாரி க்விட்மன் கோன்கே. ஹவானாவில் 1901-இல் அமெரிக்க ராணுவ டாக்டர் கோர்கஸ் கொசுவை ஒழித்து நோயை ஒழித்ததைப் பார்த்துவிட்டு, தொட்டிகளுக்கு வலை போடுங்கள், மண்ணெண்ணெய் விடுங்கள் என்று சில வருடமாகவே கத்திக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜூலையில் பிரெஞ்சு மார்க்கெட் பக்கம், சிசிலியிலிருந்து வந்த இத்தாலியர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த தெருக்களில் காய்ச்சல் கிளம்பியது. பழி முழுக்க அவர்கள் தலையில். அவர்களோ டாக்டரைப் பார்த்தால் நோயாளியை ஒளித்துவைத்தார்கள், கடைசியில் இத்தாலியப் பாதிரியார்களை அழைத்துவந்து பேசவைக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் பேராயர் ஷப்பெல்லே இதே நோயில் இறந்தார்.

ஆனால் இந்த முறை ஊர் வேறு மாதிரி நடந்துகொண்டது. மத்திய அரசின் டாக்டர் ஜோசப் வைட் பொறுப்பேற்றார், வார்டு வார்டாக ஆட்கள், பல்லாயிரம் தொட்டிகளுக்கு வலையும் மண்ணெண்ணெயும், நோய் வந்த வீட்டில் கந்தகப் புகை. 3,400 பேர் அளவில் நோய் கண்டது, இறந்தவர்கள் 452. அதுவரை ஒவ்வொரு முறையும் உறைபனிதான் வந்து நிறுத்தியது, இந்த முறை பனிக்கு முன்பே அடங்கிவிட்டது. அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் கொள்ளைநோயாக வந்தது அதுவே கடைசி. வியாபாரிகளும் பணம் போட்டார்கள் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனக்கு அதிலும் கணக்குத்தான் தெரிகிறது, கொசுவைக் கொன்றால் கப்பலை நிறுத்த வேண்டாமே. தடுப்பூசியெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால், மேக்ஸ் தைலர் 1937-இல் செய்தது, கடலோடித் தம்பி கையில் குத்தியது அதன் வம்சம்.

எதிர்வாதி:

இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

பழங்கணக்கு:

அதனால்தான் போடவில்லை.

நிலா_ரசிகை:

அந்த மரத் தொட்டிகள் என்ன ஆயின?

கொசுவண்டி:

அடுத்த சில வருடங்களில் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குழாயில் விட்டார்கள். தொட்டிகளைப் பிரித்து எடுத்தார்கள். நம் ஊரில் குழாயும் வந்தது, தொட்டியும் போகவில்லை, ஏனென்றால் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதானே. கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றிவிட்டு வந்தால் மறுநாள் வாசனை வருகிறது என்று கொட்டிவிடுவார்கள்.

கடலோடி_தூத்துக்குடி:

கடைசியாக ஒன்று. அந்த ஊரில் புனித ரோக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1867 காய்ச்சலில் மூவாயிரம் பேர் அளவில் இறந்தபோது பீட்டர் தேவிஸ் என்ற ஜெர்மன் பாதிரியார், என் பங்கு மக்களைக் காப்பாற்றினால் உமக்குக் கோவில் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம், பங்கில் ஒருவரும் சாகவில்லை என்று சொல்கிறார்கள். கோவில் 1876-இல் எழும்பியது. பக்கத்து அறையில் காணிக்கை, பிளாஸ்டரில் செய்த கால், கை, இதயம், ஊன்றுகோல், பல்செட்டு கூட. வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கை கால் வைப்போமே, அதே மாதிரி. எங்கள் பக்கம் ஆரோக்கியநாதர் என்று கும்பிடுவதும் இவரைத்தான், தொடையில் புண், பக்கத்தில் ரொட்டி கவ்விய நாய். மூன்று தடவை போயும் கப்பலைவிட்டு இறங்க நேரம் கிடைக்கவில்லை, படத்தில்தான் பார்த்தேன். பிப்ரவரியில் மறுபடி அந்தப் பக்கம் சரக்கு இருக்கிறது, கேப்டன் விட்டால் போய் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

அரட்டை:

பல்செட்டை க்ளோசப்பில் எடுங்கள் அண்ணா.